மூன்று

சியாத்துராவில் தொங்குபெட்டி ஏறும்போது
மடியில் ஒரு வினாத்தாள் கட்டு.
கீழே மாங்கனீசுக் கறுப்பில் ஆறு.
தாளில் ஒரு கோடு, பத்து சென்டிமீட்டர்.
இந்த முனை பூஜ்யம், வலியே இல்லை.
அந்த முனை பத்து, இதற்குமேல் தாங்காது.
ஆறு வருடமாக என் பிழைப்பு
அந்தக் கோட்டின்மேல்தான் நடக்கிறது.

முதலில் சொற்களோடு மல்லுக்கட்டினேன்.
வெளிநாட்டுத் தாளில் இருந்த வலிகளை
எங்கள் ஜார்ஜிய மொழிக்குக் கூட்டிவரும் வேலை.
குத்துவது, குடைவது, விண்விண்ணென்று தெறிப்பது,
கடுகடுப்பது, சுருக்கென்று வந்து ஒளிந்துகொள்வது,
எல்லாம் ஒழுங்காக எல்லை தாண்டின.
வார்லாம் சொன்னதற்குத்தான் கட்டம் இல்லை:
"சுரங்கத்தில் விளக்கு அணைந்த பிறகு
கூரை முனகுமே, அது."

இடுப்பெலும்பில் புற்று.
முப்பத்தொரு வருடம் மண்ணுக்கடியில் இருந்தவர்.
எத்தனை என்று கேட்டேன்.
"மூன்று" என்றார்,
நெற்றியில் வேர்வை அரும்ப,
போர்வை ஓரத்தை முறுக்கிப் பிழிந்தபடி.

பாதிரியார் கேட்டால் இரண்டாம்.
போலந்திலிருந்து மகன் அழைத்தால் ஒன்றுமே இல்லையாம்.
தாளின் ஓரத்தில் பேனாவால் ஒரு பத்தி சேர்த்தேன்:
கேட்டது யார்?
திபிலிசியில் பேராசிரியர் நுக்ஸார் அதைச் சிவப்பில் அடித்தார்.
அளவுகோலில் ஆளை ஏற்றாதே, ஒடிந்துவிடும் என்றார்.
அவர் சொன்னது சரிதான்.
அடுத்த தாளிலும் அதே பத்தியைப் போட்டேன்.

கிளம்பும்போது அவர் மனைவி லாமாரா
கதவைச் சாத்திவிட்டு
என்னைச் சமையலறைக்கு இழுத்தாள்.
சன்னலோரம் ஒரு தட்டு. தட்டில் அக்ரூட்.
"ராத்திரி அவர் முனகும்போதெல்லாம்
ஒன்று எடுத்து வைப்பேன்.
விளக்கைப் போட்டால் நான் முழித்திருப்பது தெரிந்துவிடும்."
எண்ணினோம்.
ஓடு உடைக்காத பத்தொன்பது.
முந்தின இரவுக்குரியதை
பூண்டோடு அரைத்துக் கத்தரிக்காயில் தடவிவிட்டாளாம்.
அவரும் நான்கு துண்டு தின்றாராம்,
உப்புக் கொஞ்சம் கம்மி என்று சொல்லிக்கொண்டு.

"அக்ரூட் எண்ணிக்கைக்கு
மார்ஃபின் எழுதச் சொல்கிறாயா?"
மருத்துவர் எலிசோ கேட்டாள்.
ஆமாம் என்றேன்.
என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்,
அங்கே ஏதோ கோடு இருப்பதுபோல.
பிறகு எழுதினாள்.

மாத்திரை கிடைப்பது
காவல் நிலையத்தை ஒட்டிய சிறிய சன்னலில்.
முத்திரை வேண்டும். முத்திரையின்மேல் கையெழுத்து வேண்டும்.
வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர்கள்
ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.
"ஆள் இருக்கிறாரா?"
உள்ளேயிருந்த பையன் வாராவாரம் கேட்கிற கேள்வியாம்.
இதற்கு மட்டும் பத்து வரை போக வேண்டியதில்லை.

எட்டு நாள் கழித்துப் போனேன்.
வார்லாம் முகம் மழித்திருந்தார்.
தாடையில் சோப்பு நுரை ஒரு பொட்டு காய்ந்திருந்தது.
கடைவாய்ப் பல்லில் எனக்கு இரண்டு வாரமாக உளைச்சல்,
கன்னத்தில் கை போனதை அறியவில்லை.
அவர் பார்த்துவிட்டார்.
"ஷெனி சிரிமே" என்றார்.

ரொட்டி விற்பவளும் சொல்கிற சொல்.
பேருந்தில் இடம் கேட்பவரும் சொல்வார்.
கேட்டுக் கேட்டுக் காதில் தேய்ந்துபோனது.
உன் நோவு எனக்கு வரட்டும்,
அதன் பொருள் அவ்வளவுதான்.
இடுப்பெலும்பை அரிக்கக் கொடுத்துவிட்டுக் கிடப்பவர்
என் பல்லையும் கேட்கிறார்.

பேனா திறந்தேன்.
இன்றைக்கு எத்தனை?
"மூன்று."

போன வாரம் மூன்று.
இந்த வாரம் மூன்று.
இரண்டையும் எழுதினேன்.
மாற்றம்: பூஜ்யம்.

சன்னலோரத் தட்டில் நான்குதான் இருந்தன.
நான்கையும் லாமாரா என் பையில் போட்டாள்.
தொங்குபெட்டி கம்பியில் குலுங்கி இறங்கியபோது
அவை ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன.
பல் தெறித்தது.
ஆறு, இல்லை, ஏழு.
பெட்டியில் என்னைத் தவிர
ஒரு சைக்கிளும் அதைப் பிடித்திருந்த சிறுவனும்.
அவன் கேட்கவில்லை.